முதுகில் கருநீல நிறம் என்றால் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தமா?

அப்பாவின் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ‘முதுகில் கருநீல நிறமாற்றம்’ என்று இருக்கிறது, யாராவது அடித்திருப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் நெஞ்சு பதறியிருக்கும். ஆனால் அது பெரும்பாலும் அடி இல்லை.

இதயம் நின்றதும் ரத்தம் உடலின் தாழ்ந்த பக்கத்தில் தேங்கும். மல்லாந்து கிடந்தவருக்கு முதுகு கருநீலமாகும். தரையில் அழுந்திய தோள்பட்டையும் பிட்டமும் மட்டும் வெளுத்தே இருக்கும். முதல் சில மணி நேரத்தில் விரலால் அழுத்தினால் அந்த நிறம் விலகும். கன்றிய காயத்தில் ரத்தம் திசுவுக்குள் கசிந்திருப்பதால், அழுத்தினாலும் போகாது. சந்தேகம் வந்தால் மருத்துவர் அங்கே கீறிப் பார்ப்பார். அதே இடம் ‘காயங்கள்’ பகுதியிலும் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், இறப்புக்கான காரணம் வேறு, இறந்த விதம் வேறு. உதாரணத்துக்கு, மூளையில் ரத்தக்கசிவு என்பது காரணம். தவறி விழுந்தாரா, யாராவது தள்ளினார்களா என்பது விதம். அதை உடலை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

‘இறுதிக் கருத்து நிலுவையில்’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ரசாயனப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். புரியாத வரிகளைக் குறித்துக்கொண்டு, அறிக்கை எழுதிய மருத்துவரிடமே கேட்டுப் பாருங்கள்.