நகரமா, ஊரா? முதலில் கிணற்றை எட்டிப் பாருங்கள்

30 வருடத்துக்கு மேல் வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் காணி அளந்து திரிந்த நில அளவையாளன் நான். இப்போது ஓய்வு. யாழ்ப்பாணத்துக்குக் குடிவர நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்த அளவில் பதில்.

ஐயா, கொழும்பிலிருந்து மாறி வருகிறோம். இவருக்கு ஆஸ்பத்திரி வீதியில் வேலை. நகரத்துக்குள் நல்லூரில் ஒரு வீடும் நகரத்துக்கு வெளியே கோண்டாவிலில் ஒரு வீடும் பார்த்திருக்கிறோம். நல்லூரில் வாடகை கூட. தூரத்தை நினைத்து நல்லூரையே எடுக்கட்டுமா?

பிள்ளை, கொழும்புக் கணக்கை இங்கே போடாதீர்கள். அங்கே புறநகர் என்றால் காலையும் மாலையும் பஸ்ஸில் நெரிபட வேண்டும். கோண்டாவிலிலிருந்து உங்கள் கணவர் மோட்டார் சைக்கிளில் கால் மணித்தியாலத்தில் வேலைக்குப் போய்விடுவார். தூரத்துக்காக மட்டும் கூடுதல் வாடகை கொடுக்க வேண்டாம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளை மூடுவார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கோயில் மணி கேட்டு எழும்ப ஆசை என்றால் அது வேறு கதை.

நகரத்துக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஏலாது என்கிறார்கள். அப்போ ஊர்ப்பக்கம்தான் சுத்தமா, அண்ணை?

இல்லைத் தம்பி. எல்லோரும் ஏமாறுகிற இடம் இது.

எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கையாறுகூட மாரியில்தான் ஓடும். அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக. மேலே ஊற்றுவது அதிகம் வடிகட்டப்படாமலே கீழே போய்விடும். நகரத்தில் இரண்டு பரப்புக்குள் (பரப்பு என்பது இங்கத்தைக் காணி அளவு) வீடு, கிணறு, மலக்கூடக் குழி மூன்றும். குழி 50 அடி தள்ளி இருந்தால் போதும் என்பார்கள். உங்கள் குழி தள்ளித்தான் இருக்கும், பக்கத்து வீட்டான் குழி உங்கள் கிணற்றடி மதிலோடு இருக்கும். மதிலுக்கு அப்பாலும் எட்டிப் பாருங்கள்.

ஊர்ப்பக்கத்தில் சிக்கல் வேறு. இணுவில், கோப்பாய், உரும்பிராய் என்று செம்பாட்டு மண் உள்ள இடமெல்லாம் தோட்டம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட பசளை நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்குகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். போத்தல் பால் குடிக்கிற கைக்குழந்தை இருந்தால் இதில் விளையாடக் கூடாது.

சரி, என்ன செய்வது? முற்பணம் கொடுக்க முதல் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள். கிருமி, நைத்திரேற்று, உவர் மூன்றையும் கேளுங்கள். தாழையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024இல் திறந்தபிறகு குழாய்நீர்ப் பேச்சு கூடியிருக்கிறது. வீட்டுக்காரர் "குழாய் இருக்கு" என்றால் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அரியாலையில் கடலேரிப் பக்கம் காணி மலிவாக வருகிறது. வாங்கலாமா?

கார்த்திகை, மார்கழியில் போய்ப் பாருங்கள். கோடையில் எல்லாக் காணியும் மேட்டுக்காணிதான். 2008 நவம்பரில் நிஷா புயல் மழை பெய்தபோது, ஊருக்கெல்லாம் மட்டம் பார்த்துக் கொடுத்த நான் குடியிருந்த வாடகை வீட்டில் முழங்காலளவு தண்ணீர். ஒழுங்கை வீட்டை நோக்கிச் சரிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை! மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். காணி வீதியைவிடப் பள்ளமா, வெள்ளவாய்க்கால் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். பழைய வீடென்றால் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். புதுப் பூச்சு அடித்திருந்தால் அயல் வீட்டு மதிலைப் பாருங்கள்.

பிள்ளைகளின் படிப்புக்கு நகரம்தானே நல்லம்?

கொக்குவில் இந்து, சுன்னாகத்தில் ஸ்கந்தவரோதயா, தெல்லிப்பழையில் யூனியன், எல்லாம் நகரத்துக்கு வெளியேதான். முதலாம் வகுப்பு அனுமதிக்கு வீடு எவ்வளவு கிட்ட என்பதோடு, அந்த முகவரியில் எத்தனை வருடம் வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். இந்த வருடம் வந்து அடுத்த தைக்குச் சேர்க்கலாம் என்ற நினைப்பில் கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள்.

ரெயில் பக்கத்தில் வேண்டும்.

கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் எல்லாவற்றிலும் நிலையம் உண்டு. 2015 தையிலிருந்து காங்கேசன்துறை வரை மறுபடி ஓடுகிறது. ஆனால் நினைத்த நேரத்துக்கு ரெயில் வராது. அன்றாடத்துக்குப் பஸ்ஸை நம்புங்கள்.

கனடாவில் இருக்கிறேன் அண்ணை. அம்மா அப்பா இருவருக்கும் 70 தாண்டிவிட்டது. சுன்னாகத்து வளவை விற்று, நகரத்தில் அடுக்குமாடி வீடு எடுத்துக் கொடுக்கலாமா?

அவர்களைக் கேட்டீர்களா? ஆஸ்பத்திரிக்காக என்றால், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை அவர்களுக்குக் கிட்ட. பெரிய வருத்தமென்றால் யாழ்ப்பாணத்துக்குப் பத்துக் கிலோமீற்றர்தான். இரவில் கூப்பிட்டால் வருகிற ஓட்டோக்காரர் ஒருவரைப் பிடித்து வையுங்கள். மாடி வீட்டில் லிஃப்ட் நின்றால் அப்பா மூன்றாம் மாடியில் சிறை.

அப்புறம், விற்பதென்றாலும் அவசரப்படாதீர்கள். காணி உறுதியை, அதாவது பத்திரத்தை, எடுத்துப் பாருங்கள். "கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் பங்கும்" என்று எழுதியிருந்தால் வளவில் மற்றவர்களுக்கும் உரிமை உண்டு. யாழ்ப்பாணத்தாருக்கான வழமைச் சட்டமான தேசவழமைப்படி, பங்குடையவர்களுக்கு முதலில் வாங்கக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. அறிவிக்காமல் வெளியாருக்கு எழுதினால் வழக்கு வரும். எத்தனை பரப்பு, யார் பங்கு என்று எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.