ஸ்பிரிங் பூட் ப்ராஜெக்ட்ல ஏடபிள்யூஎஸ் சேக்கணும், எங்கருந்து ஆரம்பிக்கறது?

ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃபிரேம்வொர்க்) ஓரளவு தெரியும், ஆபீஸ்ல ஏடபிள்யூஎஸ் (அமேசானோட கிளவுட்) சேக்கச் சொல்றாங்க, மொதல்ல என்ன படிக்கணும்னு கேட்டிருக்கீங்க. படிக்கறதெல்லாம் அப்புறம், எஸ்3ல, அதான் ஏடபிள்யூஎஸ்ல ஃபைல் போட்டு வைக்கற எடம், ஒரே ஒரு ஃபைல் ஏத்திப் பாருங்க.

நான் இதுல எறங்குனது ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனிக்காக, தோல் சாம்பிள் போட்டோவெல்லாம் வாட்சப்ல சுத்திகினு இருந்துச்சு, அதை ஒரு எடத்துல போட்டு வைக்கணும், அவ்ளோதான் வேலை. காட்பாடில மாடி ரூம், மே மாச வெயில், ஃபேன் காத்தே அனலா வருது, ரெண்டு நாள் உக்காந்துகினு இருந்தும் "பீன் இல்ல"ன்ற எர்ரர்தான் (பீன்னா ஸ்பிரிங் தானே உருவாக்கித் தர்ற ஆப்ஜெக்ட்). கடைசில பாத்தா நான் பாத்த டுட்டோரியல் பழசு. ஸ்பிரிங்கையும் ஏடபிள்யூஎஸ்ஸையும் இணைக்கற லைப்ரரி ஸ்பிரிங் கிளவுட் ஏடபிள்யூஎஸ், அது ஒரு காலத்துல ஸ்பிரிங் கிளவுட் குடும்பத்துல இருந்துச்சு, அப்புறம் பிரிஞ்சு வந்து ஆஸ்ப்ரிங்னு தனியா கம்யூனிட்டி நடத்துது, டிபென்டன்சில லைப்ரரி யாருதுன்னு சொல்ற குரூப் ஐடியே மாறிடுச்சு. பழைய ஸ்டார்ட்டர்ல (தேவையானத எல்லாம் சேத்துக் கட்டுன டிபென்டன்சி) ஆட்டோ கான்ஃபிகரேஷன் எழுதி வச்சிருக்கற ஃபைல ஸ்பிரிங் பூட் 3 எட்டியே பாக்காது, அப்புறம் பீன் எங்கருந்து வரும்! 2023ல வந்த ஸ்பிரிங் கிளவுட் ஏடபிள்யூஎஸ் 3.0ல இருந்துதான் எஸ்டிகே 2 (அமேசானோட ஜாவா லைப்ரரி), பூட் 3, ஜாவா 17. அதனால எந்தக் கோடையும் காப்பி அடிக்கறதுக்கு முன்னாடி குரூப் ஐடிய பாருங்க.

பிஓஎம் (வெர்ஷனெல்லாம் ஒத்துப்போக வைக்கற லிஸ்ட்) போட்டு எஸ்3 ஸ்டார்ட்டர் மட்டும் சேருங்க, எஸ்3டெம்ப்ளேட்ட இன்ஜெக்ட் பண்ணி அப்லோட் மெத்தட கூப்புடுங்க, பத்து லைன்கூட வராது. பக்கெட் (எஸ்3ல ஃபைல் போடற டப்பா) மும்பைல, கோட்ல அமெரிக்கா ரீஜியன்னு இருந்தா 301ன்னு எர்ரர் வரலாம், பர்மிஷன் பிரச்சனைன்னு நெனச்சு அலையாதீங்க.

கீ மேட்டர்தான் முக்கியம். ஆக்சஸ் கீய (ஏடபிள்யூஎஸ்க்கு பாஸ்வேர்டு மாதிரி) ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல்ல எழுதாதீங்க, கிட்ல போயிடும், பப்ளிக் ரெப்போவா இருந்தா கீ தேடறதுக்குன்னே பாட் சுத்துது. உங்க லேப்டாப்ல ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐல (கமாண்ட் லைன் டூல்) கீய கான்ஃபிகர் பண்ணி வச்சா எஸ்டிகே தானா எடுத்துக்கும், ஏடபிள்யூஎஸ் சர்வர்ல ஐஏஎம் ரோல் (கீ இல்லாமயே சர்வருக்குக் குடுக்கற பர்மிஷன்) குடுத்துட்டா அதே கோட் ஒரு எழுத்து மாத்தாம ஓடும். இது புரிஞ்சிருச்சுன்னா எஸ்க்யூஎஸ் (மெசேஜ் க்யூ), சீக்ரெட்ஸ் மேனேஜர் (பாஸ்வேர்டு வைக்கற எடம்) எல்லாம் ஸ்டார்ட்டர் பேருதான் வேற.

ஆங், அக்கவுண்ட் தொறந்த அன்னிக்கே பட்ஜெட் அலர்ட் போட்ருங்க, பில்லு உங்க கார்டுல வரப்போவுதுன்னா இன்னும் மொதல்ல.