பில் போடுகிறவருக்குக் குலசாமி எதற்கு?

கேள்வி: மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். நான் சாதி பார்க்கிறவன் இல்லை. ஆனால், வேலைக்கு ஆள் எடுக்கும்போது எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பதைக்கூடப் பாகுபாடு என்கிறார்கள். கல்லாவில் உட்காரப் போகிறவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டாமா? வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தால் நஷ்டம் எனக்குத்தானே? முதலில் அரசு அலுவலகங்களைத் திருத்துங்கள், பிறகு எங்களிடம் வாருங்கள். இதையெல்லாம் சட்டம் போட்டு நிறுத்த முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: உங்கள் பெயரை வெளியிடவில்லை. யார், எந்த ஊர் என்று தெரியாமலே தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்று நினைப்பது நியாயமான ஆசைதான். உங்களிடம் வேலை கேட்டு வரும் பையனுக்கும் அந்த ஆசை இருக்கும்.

நீங்கள் சொல்லும் ‘விசாரிப்பு’ எப்படி நடக்கிறது என்பது மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். “தம்பிக்கு எந்த ஊரு?” “மேலூர்ப் பக்கம்ணே.” “மேலூர்ல எங்க?” பையன் கிராமத்தின் பெயரைச் சொல்வான். “ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?” இங்கே அவன் கொஞ்சம் தயங்குவான். தயங்கினாலே பாதி விளங்கிவிடும். மீதிக்குத்தான் அடுத்த கேள்வி: “குலசாமி எது?” அப்புறம் சம்பளம், நேரம் எதையும் பேசுவதில்லை. “சரிப்பா, நம்பர் குடுத்துட்டுப் போ, சொல்லி அனுப்புறோம்.” இவ்வளவு பேச்சிலும் யாரும் சாதியைக் கேட்கவில்லை. அதனால்தான் ‘சாதி பார்க்கிறவன் இல்லை’ என்று உங்களால் கூசாமல் எழுத முடிகிறது. வாடகைக்கு வீடு பார்த்து அலைந்தவர்களுக்கும் இந்த உரையாடல் மனப்பாடம்.

கல்லா கவலை நியாயமானது. அதற்கு, இதற்கு முன் வேலை பார்த்த கடையில் கேளுங்கள். ஆதார் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பத்துப் பில் போடச் சொல்லி, கூட்டல் சரியாக வருகிறதா என்று பாருங்கள். சொந்தக்காரப் பையனே கல்லாவில் கைவைத்த கதை நம் ஊர்க் கடைத்தெரு எதில் கேட்டாலும் கிடைக்கும். அவனுக்கும் முதலாளிக்கும் குலசாமி ஒன்றுதான்!

அடுத்து, வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்பது. 1939 ஜூலை 8 அன்று சுதந்திரப் போராட்ட வீரர் வைத்தியநாதய்யர், அதுவரை கோயிலுக்குள் விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அன்றைக்கும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். பூசை செய்ய வர மறுத்தவர்களும் இருந்தார்கள். கோயிலுக்குக் கூட்டமா குறைந்துவிட்டது? அந்தக் கூட்டத்தை நம்பித்தான் சுற்றியுள்ள வீதிகளில் உங்களைப் போன்றவர்கள் கடை வைத்திருக்கிறீர்கள். இன்னொன்று: நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை விரிக்கும் பெண்கள் கொஞ்சம் உட்கார இருக்கை கொடுக்கச் சொல்லி 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. ஒரு நாற்காலிக்கே சட்டம் தேவைப்பட்ட தொழிலில், ‘வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்’ என்று முதலாளி சொல்லும் சாக்கை எவ்வளவு நம்புவது?

அரசு அலுவலகங்களைப் பற்றிச் சொன்னது உண்மை. உங்களைவிடக் கடுமையாகவே நான் சொல்வேன். உங்கள் கடை பிடிக்கவில்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். ஊரில் ரேஷன் கடை ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று. காலனி ஆட்களைக் கடைசியில் வரச் சொல்லும் எடையாளரும், தொடாமலே மாத்திரை போடும் கையும் நம் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் நோயாளியை ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று தள்ளிவிடுவதும், சக்கர நாற்காலியில் வருபவரை மாடியில் இருக்கும் அலுவலகத்துக்கு வரச் சொல்வதும் இதே வகைதான். தீண்டாமையின் பெயரால் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். அதற்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை உண்டு. அபராதம்தான் 100 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை. இன்று நாலு பேர் பரோட்டா சாப்பிட்டால் வரும் பில்!

ஆனால், அரசு திருந்தும்வரை நீங்கள் காத்திருக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வேலையில் சம வாய்ப்பு தரும் அரசியல் சட்டத்தின் 16வது பிரிவு அரசு வேலைக்கு மட்டும்தானே என்று உங்கள் வக்கீல் சொல்லியிருப்பார். அது சரி. தனியார் வேலை முழுவதற்கும் பொதுவான ஒரே பாகுபாட்டுத் தடைச் சட்டம் நம்மிடம் இல்லை, பெரிய ஓட்டைதான். அதற்காக உங்கள் கடை வெட்டவெளியில் இல்லை. திருநங்கை என்பதால் வேலை மறுப்பதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் சேர்த்தே தடுக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டு வந்தால்தான் வேலை என்று சொல்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பட்டியல் சாதியினர் ஒரு தொழில் செய்வதையோ வேலையில் சேர்வதையோ தடுப்பதை, 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைச் சட்டத் திருத்தம் குற்றமாகச் சொல்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. அதே பட்டியலில் சைக்கிள் ஓட்டுவதையும் செருப்புப் போடுவதையும் தடுக்கக் கூடாது என்று இருக்கிறது. இருபத்தோராம் நூற்றாண்டில் நாடாளுமன்றம் உட்கார்ந்து எழுதிய வரி இது.

சட்டம் போட்டு நிறுத்த முடியுமா? சட்டம் மட்டும் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் உசிலம்பட்டிப் பக்கமே சாட்சி. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவிகள் 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. தேர்தல் அறிவிப்பு வரும். மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது. ஜெயித்தாலும் உடனே ராஜினாமா எழுதி வாங்கிவிடுவார்கள். பத்து வருடம் இந்தக் கூத்து நடந்தது. 2006இல் மதுரை ஆட்சியராக இருந்த உதயசந்திரன் அந்த ஊர்களுக்கே போய் மக்களோடு பேசினார், தேர்தல் நடந்தது. சட்டம் மட்டும் இதைச் செய்யவில்லை. இது தன் வேலை என்று நினைத்த ஒருவர் நாற்காலியில் இருந்தார், அவ்வளவுதான்.

உங்கள் கடையில் அந்த நாற்காலியில் இருப்பவர் நீங்கள். தீபாவளிக்கு ஆள் எடுக்கும்போது இதைச் செய்து பாருங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம், என்ன தகுதி என்று வாசலில் எழுதி ஒட்டுங்கள். அதில் இல்லாத எதையும் கேட்க வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்லுங்கள். வேண்டாம் என்று அனுப்புகிறவர்களுக்கு எதிரே ஒரு நோட்டில் காரணத்தை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ‘கணக்கு வரவில்லை’ என்று எழுதலாம். ‘அந்தப் பக்கத்து ஆள்’ என்று எழுத யாருக்கும் கை வராது. அரசு அலுவலகங்களிலும் நான் கேட்பது இதைத்தான்: மனு தள்ளுபடியா, காரணத்தை எழுத்தில் கொடு. வாய்ப்பேச்சோடு திருப்பி அனுப்பும் இடங்களில்தான் பாகுபாடு வசதியாக இருக்கிறது.

கடைசியாக, இந்தப் பக்கத்தைப் படிக்கும் மேலூர்ப் பையன்களுக்கும் பெண்களுக்கும். வன்கொடுமைப் புகாருக்கு 14566, இலவசச் சட்ட உதவிக்கு 15100. பட்டியல் சாதியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது. வன்கொடுமைச் சட்டத்தில் புகார் சொன்னால், காவல் நிலையத்தில் எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். வேண்டுமென்றே அதைச் செய்யாத அதிகாரிக்குச் சிறை உண்டு. வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.