பழைய ஜார்ஜியன் ஜன்னல்: கழற்றலாமா, வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் பாத் நகரில் 1790-களில், அதாவது ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட ஜார்ஜியன் காலத்தில் கட்டிய வீடு வாங்கியிருக்கிறோம். வரலாற்றுக் கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பட்டியலில் (கிரேடு 2) இருக்கிறது. மேலும் கீழும் நகரும் சாஷ் ஜன்னல்கள் வழியே வரும் குளிர் தாங்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு பிளாஸ்டிக் சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி போடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து கழற்றவிடாதீர்கள். பட்டியலில் உள்ள வீட்டின் தன்மையை மாற்றும் வேலைக்கு உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலின் முன் அனுமதி வேண்டும். இல்லாமல் செய்வது 1990-ம் ஆண்டுச் சட்டப்படி கிரிமினல் குற்றம். கான்ட்ராக்டர் சொன்னார் என்பதால் நீங்கள் தப்ப முடியாது.

சரி, ஜன்னல் எந்தக் காலத்தது? பாத்தில் விக்டோரியா காலத்திலேயே (1837–1901) பல வீடுகளில் குறுக்குச் சட்டங்களை எடுத்துவிட்டுப் பெரிய கண்ணாடி போட்டுவிட்டார்கள். மேல் சட்டத்தின் கீழ்மூலைகளைப் பாருங்கள். கொம்பு மாதிரி மரம் நீட்டிக்கொண்டிருந்தால் அது பிற்கால வேலை. கனமான கண்ணாடியைத் தாங்க மூட்டுக்கு வலு சேர்த்தது. கொம்பு இல்லாவிட்டால் ஜார்ஜியன் மரவேலையாக இருக்க நல்ல வாய்ப்பு. அப்புறம் கண்ணாடியைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். எதிர்வீட்டின் பிம்பம் நெளிகிறதா? ஊதி, சுழற்றி, தட்டாக விரித்து வெட்டிய கண்ணாடியாக இருக்கலாம். உடைந்தால் அதற்கு ஈடு கிடைப்பது மிகக் கடினம்.

குளிர்காற்று நுழைவது இடுக்குகள் வழியே. அதனால் பழைய ஜன்னல் தெரிந்த தச்சரைப் பிடியுங்கள். ஜன்னலைத் தாங்கும் கயிறு அறுந்தது, ஆடும் மூட்டு, கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டி உதிர்ந்தது ஆகியவற்றைச் சரிசெய்து, விளிம்புகளில் காற்றைத் தடுக்கும் பிரஷ் பட்டை பதித்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். அதே மரம், அதே வடிவில் பழுதுபார்க்கப் பொதுவாக அனுமதி தேவைப்படாது. ஜன்னலின் இருபக்கமும் உள்ள பலகைகளைத் தட்டிப் பாருங்கள். மடக்கு மரக்கதவுகள் பல அடுக்கு பெயின்டில் ஒட்டிப்போய் உள்ளே இருக்கக்கூடும். அவற்றை விடுவித்து இரவில் மூடினால், திரைச்சீலையைவிட நன்றாகவே வெப்பத்தைத் தக்கவைக்கும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் உள்பக்கமாக இன்னொரு கண்ணாடிச் சட்டம் வைக்கலாம். அதற்கு அனுமதி தேவையா என்று கவுன்சிலின் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலரிடம் முதலில் கேளுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீட்டில். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஹீட் கன்னும் வேண்டாம். ஒரு நொடியில் விரிசல் விட்டுவிடும்.