அப்பப்பாவின் பொக்கற் மணிக்கூடும் துருப்பிடித்த குறடும்

வணக்கம். அப்பப்பாவின் மணிக்கூட்டையும் அவருடைய துருப்பிடித்த குறடு, திருப்புளிகளையும் ஒன்றாக வினாகிரியில் ஊறவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆயுதங்களுக்குச் சரி, மணிக்கூட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

குறடுகளை ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் பழைய பல் பிரஷால் தேயுங்கள். துரு கறுப்புச் சேறாகக் கழன்று வரும். அப்பச்சோடாத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஈரத்தோடு கிடந்தால் மறுபடி துரு படரும்.

மணிக்கூட்டில் மஞ்சள் பிசினாகத் தெரிவது காய்ந்த எண்ணெய். முதலில் சுருள்வில்லின் முறுக்கை முழுதாக இறக்குங்கள், இல்லாவிட்டால் கழற்றும்போது சக்கரப் பல் உடையும். பித்தளைத் தட்டுகளை லைட்டருக்கு ஊற்றும் நாப்தாவில் கழுவலாம், அடுப்புக்குத் தூரமாக. ஸ்பிரிட்டில் எல்லாவற்றையும் போட்டுவிடாதீர்கள். பலட் கற்களை (சக்கரத்தைப் பல் பல்லாக நிறுத்தி விடும் சின்னக் கற்கள்) அரக்கால்தான் ஒட்டியிருப்பார்கள், ஸ்பிரிட் அதைக் கரைக்கும். நான் ஒருமுறை அப்படிப் போட்டுவிட்டு, கிண்ணத்தின் அடியில் கடுகைவிடச் சின்னக் கல்லைத் தேடி அலைந்தேன்.

மணிக்கூட்டிலுள்ள நீல நிறத் திருகாணிகளின் துருவுக்கு எண்ணெய் தொட்ட பல்குச்சி போதும். அமிலம் பட்டால் நீலமே போய்விடும்.

அப்புறம், பித்தளைத் தட்டுக்குள் முறிந்து சிக்கியிருக்கும் அந்தத் திருகாணி. வேறு இரும்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் பித்தளைத் தட்டைச் சூடான படிகாரத் தண்ணீரில் போடுங்கள். ஆணி மெல்லக் கரையும், பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. மயிர்ச்சுருளில் (ஆடும் சக்கரத்தோடு இருக்கும் மெல்லிய சுருள்வில்) துரு கண்டால் மட்டும் கைவைக்காமல் பழகிய திருத்துநரிடம் கொடுங்கள்.