கேள்வி–பதில்: மூலக்கதையை இரண்டு முறை எழுதுங்கள்

கே: இரு பெண்களின் காதலை வைத்து மாயப்புனைவு நாவல் எழுதுகிறேன். அவர்களுடைய மதம் குறுக்கே நிற்கிறது. வரைவைப் படித்த தோழி, "உன் பூசாரிகள் எல்லாரும் சினிமா வில்லன்கள்" என்கிறாள். எப்படிச் சரிசெய்வது?

ப: தடை மட்டுமே போடுகிற மதத்தை யார் நம்புவார்கள்? அது அவர்களுக்கு என்ன கொடுக்கிறது என்று முதலில் எழுதுங்கள். பிள்ளைக்குப் பெயர் வைப்பது யார், பிணத்தருகே விழித்திருப்பது யார், பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறப்பது யார்?

அடுத்து, மதத்தின் மூலக்கதையைப் பத்து வரியில் எழுதுங்கள். அதையே தோற்றவர் வாயால் மறுபடி எழுதுங்கள். ஒரே ஓர் இடம் மாறினால் போதும். சமந்தா ஷானனின் 'தி பிரையரி ஆஃப் தி ஆரஞ்ச் ட்ரீ' (2019) நாவலே இப்படி ஒரு முரணில்தான் நிற்கிறது. டிராகனை வீழ்த்தியது வீரன் என்கிறது ஒரு மதம். இளவரசிதான் என்கிறது இன்னொரு மரபு. அந்த உலகில் பெண்ணைப் பெண் காதலிப்பது பாவமே இல்லை. வீரனின் வம்சம் தொடரும்வரைதான் டிராகன் கட்டுண்டு கிடக்கும் என்று நம்புவதால், அரசி மகளைப் பெற்றே ஆகவேண்டும். நெருக்கடி அங்கிருந்து வருகிறது.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மூலக்கதையை மறுக்கும் பழைய சுவடி கிடைத்ததும் நாயகியின் நம்பிக்கை ஒரே இரவில் உதிர்ந்துவிடும். உதிராது, மனம் விட்டபிறகும் கை கும்பிடும். முதல் சந்தேகத்தை நாவலின் முதல் கால்பகுதியிலேயே விதையுங்கள். உண்மை தெரிந்தும் மதத்திலேயே தங்கிவிடுகிற ஒருவரும் வேண்டும்.

கே: தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ கருதாத ஒரு துறவி வருகிறார். அவனா, அவளா?

ப: நீங்களே 'வருகிறார்' என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்! ஆனால் மற்றவர்கள் அவன், அவள் என்றிருக்க இவர் மட்டும் 'அவர்' என்றால், வயதில் மூத்தவர் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். எல்லோருக்குமே 'அவர்' போடலாம். அல்லது துறவியையே கதைசொல்லி ஆக்கலாம். 'வந்தேன்', 'போனாய்' என்பவற்றில் பால் தெரியாது. எதிரி வாயில் 'அவர்' ஒட்டாது, அங்கே பெயரைச் சொல்லவையுங்கள். 'அது' என்றால் வசை; வசையே வேண்டுமென்றால் மட்டும்.

கே: கதைக்குள் கதை எவ்வளவு நீளலாம்?

ப: மூவாயிரம் சொல் அத்தியாயத்தில் முந்நூறு, நானூறு. கேட்டவர் அதன்பின் எதையாவது மாற்றிச் செய்யவேண்டும், இல்லாவிட்டால் வெட்டிவிடுங்கள். முழுநூலுமே கேட்ட கதை என்றால் கணக்கு வேறு. நி வோவின் 'தி எம்ப்ரஸ் ஆஃப் சால்ட் அண்ட் ஃபார்ச்சூன்' (2020) குறுநாவலில், கதை சேகரிக்கும் துறவியிடம் முதிய பணிப்பெண் அரசியின் வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசுகிறார். கையில் பொருள் இருப்பதால் கதை அலையாது.