பித்தப்பை திடீரென்று போய்விட்டது. வீட்டுக்கு வந்தபின் வரும் கேள்விகள்

நாள் குறித்து அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்குக் கேள்வி கேட்க நேரம் கிடைக்கும். வாயுத் தொல்லை என்று நினைத்து நடுராத்திரியில் மருத்துவமனைக்குப் போய், மறுநாள் பித்தப்பை இல்லாமல் கண் விழித்தவர்களுக்கு அது கிடைப்பதில்லை. கையெழுத்துப் போடும்போது வலியில் எதுவும் காதில் விழுந்திருக்காது. டிஸ்சார்ஜ் ஆகும்போது வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கும். கேள்விகளெல்லாம் வீட்டுக் கட்டிலில் படுத்த பிறகுதான் வரும். அப்படி வந்தவற்றில் சில இங்கே.

ஆபரேஷன் வயிற்றில்தான் நடந்தது. ஆனால் வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. இதயப் பிரச்சினையோ என்று இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை.

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷனில், கருவிகள் உள்ளே நகர இடம் வேண்டும் என்பதற்காகக் கரியமில வாயுவை நிரப்பி வயிற்றை உப்ப வைப்போம். முடிந்ததும் வெளியேற்றிவிடுவோம், ஆனால் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். அது மேலே போய், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் அடியில் தங்கி அதை எரிச்சல்படுத்தும். உதரவிதானத்தின் நரம்பு புறப்படும் இடம் கழுத்து. தோள்பட்டைத் தோலின் நரம்பும் அதே கழுத்துப் பகுதியிலிருந்துதான் வருகிறது. சேதி எங்கிருந்து வந்தது என்று மூளைக்குக் குழம்பிவிடுகிறது. தோள்தான் வலிக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறது.

மிஞ்சிய வாயுவை உடலே உறிஞ்சிவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வலி அடங்கும். உட்கார்ந்தால் வலி கூடுகிறது என்றால் கொஞ்ச நேரம் மட்டமாகப் படுத்துப் பாருங்கள். தோளில் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம். வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடங்கள்.

ஆனால் நெஞ்சை அழுத்துகிற வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் 'வாயுதான்' என்று படுத்திருக்காதீர்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும் அதே அவசரம்தான். அது காலில் ரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம்.

இனி வாழ்நாள் முழுக்க எண்ணெய், நெய் எதையும் தொடக்கூடாது என்கிறார்கள். உண்மையா? பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள்.

பட்டியல்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கொடுத்தவர் மனம் கோணாது. பின்பற்ற வேண்டியதில்லை.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். அது பத்திரமாக இருக்கிறது. தினமும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை அது சுரந்துகொண்டேதான் இருக்கும். பித்தப்பை வெறும் சேமிப்புப் பைதான். 30 முதல் 50 மில்லிலிட்டர் வரை பிடித்து, கெட்டியாக்கி வைத்திருந்து, கொழுப்பு வந்ததும் மொத்தமாகப் பிழிந்துவிடும். இப்போது பை இல்லாததால் பித்தநீர் சொட்டுச் சொட்டாக நேரே குடலுக்குள் இறங்குகிறது. ஆகவே கொழுப்பு செரிக்கும். ஒரே வேளையில் அளவுக்கு மீறி வந்தால்தான் திணறும்.

முதல் ஓரிரு வாரம் பொரித்தவை, எண்ணெய் மிதப்பவை, கொழுப்பு நிறைந்த இறைச்சி ஆகியவற்றைக் குறையுங்கள். மூன்று பெரிய வேளைகளை ஐந்து சிறிய வேளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்றொன்றாகப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பலாம். ஒரே நாளில் நான்கு புதிய பண்டங்களைச் சோதிக்காதீர்கள். வயிறு கெட்டால் எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். எல்லோருக்கும் பொதுவான தடைப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. ஒருவரைப் படுத்துவது இன்னொருவருக்கு ஒன்றும் செய்யாது.

கொழுப்பை அடியோடு நிறுத்துவதும் தப்பு. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. மூன்று வாரமாகிறது. வேலைக்குத் திரும்பவே பயமாக இருக்கிறது.

கூச்சப்பட்டு யாரும் வெளியே சொல்வதில்லை, அதனால் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பித்தப்பை எடுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இது வருகிறது. இடைவிடாமல் இறங்கும் பித்த அமிலங்களைச் சிறுகுடல் முழுவதும் திரும்ப உறிஞ்ச முடிவதில்லை. மிச்சம் பெருங்குடலுக்குப் போனால் அது நீரை இழுக்கிறது, உடனே அவசரம்.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் குடல் பழகிக்கொள்ளும். அதுவரை கொழுப்பையும் காபியையும் குறைத்துப் பாருங்கள். ஓட்ஸ் போன்ற, கரையும் நார்ச்சத்து உள்ளவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். அப்படியும் அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் என்ற மருந்து இருக்கிறது, பலருக்கு நன்றாகக் கேட்கிறது. ஒரு விஷயம்: கூடவே சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் அது பிடித்துக்கொள்ளும். அவற்றை ஒரு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும்.

மலத்தில் ரத்தம், காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, எடை இறங்குவது ஆகியவற்றில் எது இருந்தாலும் பித்தப்பையின் மேல் பழியைப் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

(முதல் வாரத்தில் இதற்கு நேர்மாறான புகார்தான் அதிகம்: நான்கு நாளாகப் போகவே இல்லை. டிரமடால், கோடீன் போன்ற வலி மாத்திரைகளும் படுத்தே கிடப்பதும்தான் காரணம். தண்ணீர், நடை, தேவைப்பட்டால் மலமிளக்கி. முக்காதீர்கள்.)

நான்கு ஓட்டைகளில் தொப்புளில் இருப்பது மட்டும் வலி அதிகம். சுற்றிலும் நீலமும் மஞ்சளுமாக இருக்கிறது. குளிக்கலாமா?

வெட்டி எடுத்த பித்தப்பையைப் பெரும்பாலும் தொப்புள் வழியாகத்தான் வெளியே இழுப்போம். அதனால் அந்தத் துளை மற்றவற்றைவிடப் பெரியது, வலியும் கூடுதல். நீலம் மஞ்சளாக மாறுவது ரத்தக்கட்டு ஆறுகிற நிறம். தழும்பு அருகே கொஞ்சம் மரத்துப்போவதும் சகஜம்.

வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, ஓரிரு நாள் கழித்து நின்றபடி குளிக்கலாம். காயத்தைத் தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். தொட்டியிலோ குளத்திலோ முங்குவது காயம் முழுதாக மூடிய பிறகுதான். ஒட்டியிருக்கும் பட்டைகள் தானாக உதிரும்வரை பிய்க்காதீர்கள். பவுடர், எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், சூடாக இருந்தால், சீழோ நாற்றமோ வந்தால் காட்டிவிடுங்கள்.

குழந்தை பிறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. திடீரென்று வலி வந்து பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். குழந்தையைத் தூக்காதே என்கிறார்கள். பால் கொடுப்பதையும் நிறுத்தச் சொல்கிறார் மாமியார். நான் என்ன செய்வேன்?

முதலில் பால். நிறுத்த வேண்டாம். மயக்கம் முழுதாகத் தெளிந்தபின் பால் கொடுக்கலாம். பாரசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் தாய்ப்பாலுக்கு ஒத்துப்போகிறவை. கோடீன், டிரமடால் மட்டும் கூடாது. அவை பாலில் போய்க் குழந்தையின் மூச்சைப் பாதிக்கலாம். உங்கள் சீட்டில் அந்தப் பெயர்கள் இருந்தால் இன்றே போன் செய்து மாற்றச் சொல்லுங்கள்.

கர்ப்ப காலத்து ஹார்மோன்கள் பித்தநீரைக் கல் கட்டும் பக்கம் தள்ளுகின்றன, பையும் மந்தமாகச் சுருங்குகிறது. அதனால்தான் பிரசவத்துக்குப் பின் இத்தனை பெண்கள் இதில் மாட்டுகிறார்கள். நீங்கள் சாப்பிட்ட எதனாலும் வந்ததல்ல, யாராவது அப்படிச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தூக்குவதைப் பொறுத்தவரை, சில வாரங்களுக்கு நான்கைந்து கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று பலர் சொல்வோம். மூன்று மாதக் குழந்தை அந்த எல்லையைத் தொட்டோ தாண்டியோ இருக்கும். மடியில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. குனிந்து தரையிலிருந்து அள்ளுவதுதான் தொப்புள் தையலை இழுக்கும். நீங்கள் உட்காருங்கள், இன்னொருவர் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் தரட்டும். வயிற்றின் மேல் ஒரு தலையணை வையுங்கள், கால் உதைத்தால் அது தாங்கும். படுத்தபடி கொடுப்பது என்றால் வலி குறைந்த பக்கமாகப் படுங்கள். ராத்திரியில் எழுந்து தூக்கித் தர ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். மாமியாருக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம்.

அம்மாவுக்கு 71 வயது. துளை போட்டு ஆரம்பித்து, பாதியில் வயிற்றைத் திறந்துவிட்டார்கள். ஒரு டியூபோடு அனுப்பியிருக்கிறார்கள். ஏதோ தப்பு நடந்து மறைக்கிறார்களா?

உங்கள் சந்தேகம் புரிகிறது. ஆனால் திறந்ததே தப்புக்கு அடையாளம் அல்ல. பல நாள் அழன்று சீழ் கட்டிய பித்தப்பை அக்கம்பக்கத்தோடு ஒட்டிக் கிடக்கும். எது பித்தப்பையின் குழாய், எது கல்லீரலிலிருந்து வரும் பொதுப் பித்தநாளம் என்றே தெரியாது. அந்தப் பெரிய நாளத்தை வெட்டிவிட்டால் அதன் விளைவு பெரிய கேடு. தெரியாத இடத்தில் வெட்டுவதைவிட வயிற்றைத் திறப்பது மேல். நானும் திறந்திருக்கிறேன். அன்றைக்கு வெளியே வந்து குடும்பத்தாரிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது, முடிவெடுப்பது அல்ல.

1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் முதல் பித்தப்பையை எடுத்ததிலிருந்து, 1985இல் எரிக் மூஹே லேப்ராஸ்கோப் வழியாக எடுக்கும்வரை நூறு வருடம் எல்லோருக்குமே திறந்துதான் செய்தார்கள். ஆறும். நாள்தான் அதிகம்: ஆறு முதல் எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருமும்போது தலையணையால் வயிற்றை அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விலாவுக்குக் கீழே வெட்டு இருப்பதால் வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விடுவார். சளி தங்கி நிமோனியா வரும். மணிக்கொரு முறை பத்து ஆழ்ந்த மூச்சு. டியூபில் வருவதன் அளவையும் நிறத்தையும் தினமும் குறித்து வையுங்கள். பச்சையாகவோ பொன் மஞ்சளாகவோ வந்தால் அது பித்தநீர், உடனே சொல்ல வேண்டும். மறு பரிசோதனைக்குப் போகும்போது பித்தப்பையை முழுதாக எடுத்தார்களா, ஒரு பகுதியை விட்டார்களா என்று கேளுங்கள். கடினமான நிலையில் ஒரு பகுதியை விட்டுவிடுவது ஏற்கப்பட்ட முறைதான். பின்னால் வலி வந்தால் பார்க்கிற மருத்துவருக்கு அது தெரிய வேண்டும்.

நான்கு நாள் நன்றாகத்தான் இருந்தேன். ஐந்தாம் நாள் மறுபடி மேல் வயிற்று வலி, குமட்டல். கண் லேசாக மஞ்சளாக இருப்பதாக மனைவி சொல்கிறார்.

மனைவி சொல்வதைக் கேட்டு இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இந்த ஆபரேஷனுக்குப் பின் வலி எவ்வளவு என்பதைவிட எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பாருங்கள். நேற்றைவிட இன்று ஒரு மாத்திரை குறைவு, பத்து அடி கூடுதல் என்றால் சரி. குறைந்துகொண்டு வந்தது திரும்பி ஏறினால் சரியில்லை. பித்தநீர் கசிந்தால் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்: வலி, வயிறு உப்பல், காய்ச்சல். நாளத்தில் கல் தங்கியிருந்தால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கருக்கும், மலம் சாம்பல் நிறமாக வெளுக்கும். பித்தப்பை போனபிறகு ஏது கல் என்று கேட்பார்கள். ஆபரேஷனுக்கு முன்பே நாளத்துக்குள் நழுவியிருக்கும். வாய்வழி எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்துவிடலாம், மறுபடி வயிற்றைத் திறப்பது அரிது. 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நடுக்கம், நிற்காத வாந்தி இவற்றுக்கும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

வண்டி ஓட்டுவது, வேலை, தாம்பத்யம், எந்தப் பக்கம் படுப்பது. எல்லாவற்றுக்கும் ஒரே கடிதத்தில் பதில் வேண்டும்.

வலி பயமில்லாமல் சட்டென்று பிரேக்கை அழுத்த முடிந்து, தூக்கம் வரவைக்கும் மாத்திரைகளை நிறுத்தியிருந்தால் ஓட்டலாம். துளை ஆபரேஷனுக்கு ஏறக்குறைய ஒரு வாரம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒன்றிரண்டு வாரம், பாரம் தூக்கும் வேலைக்கு இன்னும் அதிகம். தாம்பத்யம் வலிக்காதபோது. முதுகு உயர்த்தியோ இடப்பக்கமோ படுத்துப் பாருங்கள். மாடிப்படி ஏறலாம். வலி மாத்திரையை முதல் இரண்டு மூன்று நாள் வலி ஏறும்வரை காத்திராமல் நேரத்துக்குப் போடுங்கள். பாரசிட்டமால் மட்டும் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, சளி மாத்திரைகளிலும் அது ஒளிந்திருக்கும்.

கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். பித்தப்பையை என்ன செய்திருப்பார்கள்?

நல்ல கேள்வி, கேட்பவர்கள் குறைவு. வழக்கமாகப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பெரும்பாலும் 'நாட்பட்ட அழற்சி' என்றுதான் ரிப்போர்ட் வரும். மிக அரிதாக, யாரும் எதிர்பார்க்காத புற்றுநோய் அதில் தெரியவரும். ஆரம்ப நிலையில் அப்படிக் கண்டுபிடிப்பது ஒரு அதிர்ஷ்டமே. ரிப்போர்ட் வருவதற்குள் நீங்கள் டிஸ்சார்ஜ் ஆகியிருப்பீர்கள். அவசரத்தில் சேர்ந்தவர்கள் பலர் அதைத் திரும்பிப் போய் வாங்குவதே இல்லை. தையலைக் காட்டப் போகும் நாளில், டிஸ்சார்ஜ் சம்மரியோடு அதையும் கேட்டு வாங்கி, மருத்துவரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கல் டப்பாவை என்ன செய்வது என்பது உங்கள் இஷ்டம்.